ஊறப்போட்ட கடிதம்

சார்,

நேற்று அந்த பிஸ்கட் டின்னைத் திறந்தேன். மூடியைத் தூக்கியதும் கார்பன் தாளின் எண்ணெய் வாசம் மூக்கில் ஏறியது. பூச்சி விழாமலிருக்க நீங்கள் போட்ட வசம்புத் துண்டு மூலையில் அப்படியே கிடந்தது. உள்ளே ஒரு தாளும் இருக்காது என்று தெரிந்துதான் திறந்தேன். அப்படியும் அழுகை வந்துவிட்டது.

நீங்கள் போய் மூன்று வருடமாகிறது. உங்கள் கடிதங்களை ஒழுங்குபடுத்தி நம் விவசாய ஆராய்ச்சி நிலையத்து நூலகத்தில் வைக்கப்போகிறார்கள். உங்களுக்கு வந்தவை, நீங்கள் அனுப்பியவற்றின் கார்பன் நகல்கள், வெளிநாட்டு நீலக் கடிதங்கள், எல்லாம் சேர்த்து பதினேழு கோப்பு. பட்டியல் போடுகிறவள் காரியாபட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிற கயல்விழி. கெட்டிக்காரப் பெண். உங்கள் கோழிக் கிறுக்கலை வாசித்துச் சொல்ல என்னைப் பக்கத்தில் உட்காரவைத்திருக்கிறார்கள். இத்தனை வருடம் உங்களுக்குத் தட்டெழுதியவளை விட்டால் அதை யார் வாசிப்பார்கள்?

நேற்று மத்தியானம் ஒரு நகலைத் தூக்கிப் பிடித்தாள். "இதுல உள்ள தேதி ஒண்ணு. பதிவேட்டுல பன்னெண்டு நாள் கழிச்சு அனுப்புனதா இருக்கே, ஏம்மா?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே பட்டியலில் எழுதிவிட்டாள்: 'எழுதியவரின் தயக்கத்தால் தாமதம்.'

தயக்கமாம். உங்களுக்காம்.

எண்பதுகளின் நடுவில் நீங்கள் இங்கே வந்தபோது என்னைவிட ஐந்து வயது இளையவர். பந்தல்குடியில் லோடு லாரிகள் நிற்கிற ரோட்டோரம் உங்கள் அப்பாவின் பலசரக்குக் கடை. படித்த படிப்புக்கு எங்கெங்கோ போயிருக்கலாம். மழையை நம்பி விதைக்கிற கரிசல் காட்டுக்குத்தான் என் படிப்பு ஆகும் என்று இங்கேயே கேட்டு வாங்கி வந்தீர்கள். நான் ரோஸ்லின், தற்காலிகத் தட்டெழுத்தாளர். கணவர் இறந்துபோய், இரண்டு பிள்ளைகளோடு இருந்தவள். முதல் நாளே என்னை அக்கா என்றீர்கள்.

நல்ல மனிதர்தான், கோபம்தான் பொல்லாதது. உங்கள் சோதனை முடிவுகளைத் தன் பெயரில் போட்டுக்கொண்ட ஒரு பெரியவருக்கு நீங்கள் எழுதிய கடிதத்தைத் தட்டெழுதும்போது எனக்கே இரண்டு இடத்தில் எழுத்து பிசகியது. அது போய்ச் சேர்ந்து, நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டி வந்தது. "ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டுன்னு சும்மாவா சொன்னாக?" என்றேன். சிரித்துவிட்டு, மறுநாள் கடையிலிருந்து அந்த டின்னைக் கொண்டுவந்தீர்கள். "இனிமே நான் கத்திச் சொல்ற கடுதாசிய இதுல ஊறப்போடுங்கக்கா. விதைய ஊறப்போடுற மாதிரி. காலையில பாத்துக்கிருவோம்."

அதிலிருந்து அதுதான் நம் வழக்கம். நீங்கள் குரலை உயர்த்தினால் அந்தக் கடிதம் டின்னுக்குள் போகும். காலையில் நீங்களே எடுத்து வாசித்து, "இம்புட்டுக் கொடுமையாவா சொன்னேன்?" என்று கிழிப்பீர்கள். கையெழுத்துப் போட்டதைக்கூடக் கிழித்திருக்கிறீர்கள். போகப்போக நீங்கள் சொல்லவேண்டிய தேவையே இருக்கவில்லை. எது ஊறவேண்டும் என்று நானே முடிவுசெய்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

ஒரு புரட்டாசியில் சம்சாரிகளுக்குக் கொடுக்க தலைமை அலுவலகத்திலிருந்து பருத்தி விதை வந்தது. ஈரம் பட்ட மூட்டை. ஒரு கைப்பிடி எடுத்து ஈரத்துணியில் வைத்துப் பார்த்தீர்கள், பாதிகூட முளைக்கவில்லை. விதையை யாருக்கும் கொடுக்க வேண்டாம், உடனே நிறுத்துங்கள் என்று தலைமை அலுவலகத்துக்கு எழுதச் சொன்னீர்கள். மேசையைத் தட்டித் தட்டிச் சொன்னீர்கள். நான் தட்டெழுதிக்கொண்டிருக்கும்போதே அப்பாவை மதுரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகத் தகவல் வந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு பஸ்ஸுக்கு ஓடினீர்கள்.

நான் அதை டின்னில் வைத்து மூடினேன்.

உங்கள் நல்லதுக்கென்றுதான் வைத்தேன். என்ன எழுதியிருந்தது என்று யோசிக்கவில்லை. எவ்வளவு சத்தமாகச் சொன்னீர்கள் என்பதை மட்டும் பார்த்தேன். காலையில் நீங்கள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. வேறு வேலைகளில் நானும் மறந்துபோனேன்.

பன்னிரண்டாம் நாள் மொட்டைத் தலையோடு வந்தீர்கள். அதற்குள் விதை ஊர் ஊராகப் போய், முதல் மழையும் பெய்து, விதைத்தும் முடித்திருந்தார்கள். என்ன பதில் வந்தது என்று கேட்டீர்கள். அப்போதுதான் எனக்கு டின் ஞாபகம் வந்தது. டின்னைத் திறந்து, கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தீர்கள். பதிவேட்டில் அந்தப் பழைய நாளுக்குக் கீழே ஒரு வரி காலியாக இருந்தது. அன்றைக்கே அனுப்பியதாக அதில் எழுதிவிடட்டுமா என்று கேட்டேன், சார். அந்த அளவுக்கு இறங்கிவிட்டேன்.

"வேணாங்க்கா. கடுதாசி பொய் சொல்லக் கூடாது. இன்னைக்குத் தேதியே போடுங்க."

கார்த்திகையில் எம்.ரெட்டியபட்டி வேலாயுதம் வந்தார். அந்த விதையை விதைத்த சம்சாரி, நீங்கள் சொன்னால் கிணற்றிலும் குதிப்பார். "சாரு, அந்த வெத முளைக்காதுன்னு ஒங்களுக்கு முன்னமே தெரியுமாமே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்படாதா? பருவம் போச்சே" என்றார். நீங்கள் தலை குனிந்தீர்கள். "தப்புதாண்ணே" என்றீர்கள். அதே அறையில் நான் தட்டெழுத்துப் பொறியில் சரியாக இருந்த தாளைத் திரும்பத் திரும்பச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

விசாரணைக்கு வந்தவர்களிடமும் அதையே சொன்னீர்கள். கையெழுத்துப் போட்டேன், அனுப்பச் சொல்லாமல் ஊருக்குப் போய்விட்டேன், தப்பு என்னுடையது. அவர்கள் போனபிறகு நான் அழுதேன். "ஒங்க வேலை போனா ரெண்டு பிள்ளைகளும் என்ன செய்யும்? எனக்கு ஒண்ணும் ஆகாது, போய் டீ குடிங்க" என்றீர்கள்.

ஒன்றும் ஆகாமலா போயிற்று? இப்போது கோப்புகளை வரிசையாகப் பார்க்கும்போது கண்கூடாகத் தெரிகிறது. அதுவரை இரண்டு பக்கம் பதில் எழுதியவர்கள் பிறகு 'தங்கள் கடிதம் கிடைத்தது' என்று ஒரு வரி எழுதினார்கள். அப்புறம் அதுவும் இல்லை. கோப்புகள் வருடத்துக்கு வருடம் மெலிந்துகொண்டே போகின்றன. உங்களுக்குப் பின்னால் வந்தவர்கள் தலைமை அலுவலகத்துக்குப் போனார்கள். நீங்கள் இந்த நிலையத்திலேயே இருந்து, தொண்ணூறுகளில் ஒரு சித்திரை வெயிலில் வயலில் நின்றபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தீர்கள்.

பாவசங்கீர்த்தனத்தில் பங்குச் சாமியாரிடம் சொல்லிவிட்டேன். ஆண்டவர் மன்னித்திருப்பார் என்றார். நீங்களும் அன்றைக்கே மன்னித்துவிட்டீர்கள். ஆனால் வேலாயுதத்துக்கு இன்றுவரை தெரியாது. கடிதத்தில் ஒரு பொய்யும் தட்டெழுதவிடாத நீங்கள் எனக்காக வாயால் ஒரு பொய் சொன்னீர்கள். அந்தப் பொய்யில்தான் நான் இத்தனை வருடம் சோறு தின்றேன். இதை நினைக்காமல் நான் பஸ் ஏறிய நாள் இல்லை.

இன்று காலை பழைய பொறியை இழுத்துவைத்து, கார்பன் வைத்து, நடந்ததை ஒரு பக்கத்தில் தட்டெழுதினேன். கீழே என் பெயரையும் போட்டு, அந்த நகலோடு சேர்த்து வைக்கச் சொன்னேன். வேலாயுதத்துக்கு ஒரு நகலைத் தனியே எடுத்துவைத்துக்கொண்டேன். கயல்விழி வாசித்தாள். முகம் மாறிவிட்டது. 'தயக்கத்தால்' என்று எழுதியிருந்ததை அடித்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அடுத்த மாசம் ரிட்டையர் ஆகப்போறீக. இதுனால ஏதும் வம்பு வந்துறப்போகுதும்மா. ஒருநா வச்சிருந்து, காலையில நெதானமாப் பாத்துட்டுக் குடுங்களேன்."

"வேணாந்தாயி," என்றேன். "இன்னைக்குத் தேதியே போடு."