ஃபாதர் தோளில் உன் கை

எளாவூர்

என் பிரியமுள்ள மகள் சோனியாவுக்கு, மாதா துணையில் நாங்கள் இங்கே நலம், நீயும் மாப்பிள்ளையும் குழந்தை ஜெபாவும் அந்தக் கத்தார் வெயிலில் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும் என்று தினம் செபமாலையில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தம்பி பென்னிக்கு கம்பெனியில் ஷிப்ட் மாற்றிவிட்டார்கள், வந்ததும் தின்றுவிட்டுத் தூங்குகிறான். எனக்கு முட்டிவலிதான், வேறொன்றுமில்லை. போனில் சொன்னால் பாதியில் நீ அழுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

நம் பங்குக் கோயிலைக் கட்டிய யேசுதாஸ் ஃபாதர் இறந்து பத்து வருஷம் ஆகிறதென்று வாசலில் அவர் முகம் செதுக்கிய கறுப்புக்கல் வைக்க முடிவு பண்ணினார்கள். முன்னால் நின்றது யார் தெரியுமா, எட்வர்ட். போன தவக்காலத்தில் உன் அம்மா முத்தம்மா செத்தபோது பங்குப் பேரவைத் தலைவர் என்கிற மிதப்பில், கோயில் சவவண்டி உங்க தெருவுக்கு வராது, வழக்கமில்லை என்று சொல்லி வண்டி ஷெட்டைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டானே, அதே எட்வர்ட். அவளைத் தோளில் தூக்கிப்போனோம். அது என் நெஞ்சில் ஆறவில்லை, ஆறவும் வேண்டாம்.

ஃபாதர் முகம் தெளிவாக விழுந்த படம் ஊரிலேயே ஒன்றுதான், உன் ஞானஸ்நானப் படம். நம் தெருப் பிள்ளைக்கு முன்வாசலில் ஞானஸ்நானம் கொடுத்தார் என்று எட்வர்டின் அப்பன் ஆறு மாதம் பூசைக்கே வரவில்லை, அந்த நாள் எடுத்தது. அவர் உன்னைத் தூக்கி வைத்திருப்பார், நீ அவர் தோளைப் பிடித்திருப்பாய். உபதேசியார் அந்தோணி வந்து கேட்டார், கொடுத்தேன். கல் நான் கொத்து வேலை செய்யும் எங்கள் பட்டறைக்கே வந்தது. எட்வர்ட் என் எதிரில் நின்று, கொயந்தைய எடுத்துடு சின்னதுரை, ஃபாதர் மட்டும் போதும், இன்னாத்துக்கு அது என்றான். யார் குழந்தை என்று தெரிந்தேதான் சொன்னான். சரி என்றேன்.

சொன்னபடி உன்னை எடுத்துவிட்டேன். கையை மட்டும் விட்டுவைத்தேன். பாலிஷ் போட்ட கல்லில் ஊசி உளியால் புள்ளி புள்ளியாய்க் கொத்துவோம், கொத்தின இடம் வெளுக்கும், வெளுத்தால் வெளுத்ததுதான். முகம் முடிந்த அன்றைக்கு எட்வர்ட் வந்து பார்த்துவிட்டு, அச்சு அசல் ஃபாதர்தான் என்று போய்விட்டான். தோளை அதற்கப்புறம்தான் கொத்தினேன். உன் ஐந்து விரலையும், சுண்டுவிரல் நகம் உட்பட, நிதானமாகக் கொத்தினேன். அன்றைக்கு எனக்கு முட்டிகூட வலிக்கவில்லை.

போன ஞாயிறு ஆயர் வந்து துணியை விலக்கினார். இது யாருடைய கை என்று கேட்டார். எட்வர்ட் குனிந்து கல்லைப் பார்த்தான். அந்தோணி மைக்கை வாங்கி, ஆயர் ஆண்டவரே, அது சின்னதுரை மவ சோனியா கை, அந்தத் தெருவுல ஃபாதர் மொதமொத ஞானஸ்நானம் குடுத்த புள்ள என்றார். ஆயர் அந்தக் கையைத் தொட்டு, குனிந்து உதடு வைத்து முத்தி செய்தார். எட்வர்ட் முகம் இஞ்சி தின்ற குரங்காட்டம் போனது. நான் சிரித்தேன், மறைக்கவில்லை.

மறுநாள் பட்டறைக்கு வந்து, இன்னாய்யா பேஜாரு பண்ணிக்கினு இருக்கே, அத்த அழிச்சுடு என்றான். அழிக்கலாம், ஃபாதர் தோளையும் சேர்த்துத்தான் அரைக்கணும், நீயே வந்து அரை, மெஷினைப் போட்டுத் தர்றேன் என்றேன். போய்விட்டான். புதுப் பங்குச் சாமியார் எட்வர்டை மன்னிச்சிடுப்பா என்கிறார். பாவசங்கீர்த்தனத்தில் எல்லாம் சொல்வேன், இதைச் சொல்லமாட்டேன். இது பாவமென்றால் இருந்துவிட்டுப் போகட்டும்.

ஜெபாவுக்கு எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஊற்று, ஏசிக்கு நேரே படுக்கவைக்காதே. மாதா உங்கள் மூவரையும் காப்பாளாக. கிறிஸ்துமஸுக்கு லீவு கேட்க மறக்காதே. பூசை முடிந்ததும் எட்வர்ட் வாசலில் அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் நின்று எல்லாருக்கும் கை கொடுப்பான். உனக்கும் நீட்டுவான். ஊர் பார்க்க, கொடுக்காமல் வா.

இப்படிக்கு உன் அப்பா,
சின்னதுரை