காட்டில் பிள்ளை பெற்றவள்

ரெய்னர்ஸ் லேன், லண்டன்
12.11.1989

என் அன்பு மகள் சிவகௌரிக்கு,

முருகன் துணையால் நானும் அப்பாவும் இந்தக் குளிரிலும் குறையில்லாமல் இருக்கிறோம். பினாங்கில் நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் இருக்கிற குஞ்சும் அப்படியே சுகமாக இருக்க வேண்டும், அது ஒன்றுதான் எனக்கு எந்த நேரமும் யோசனை. உன் மச்சாளின் பட்டமளிப்புக்கு வந்திருக்கிற மாப்பிள்ளையின் தாய் தகப்பன், உன் மாமாவும் மாமியும், ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்து போனார்கள். ஒரு பெட்டி தோடம்பழம் கொண்டுவந்தார்கள். நான் இடியப்பம் அவித்து, சொதியும் நண்டுக் கறியும் வைத்தேன், இரண்டு பேரும் கூச்சமில்லாமல் கையால் சாப்பிட்டார்கள், அதில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். சாப்பிட்டு முடிந்ததும் உன் மாமா தன் குடும்பப் பெயரின் கதையைத் தொடங்கினாரே, அதிலிருந்துதான் எனக்கு வயிறு எரியத் தொடங்கியது. உனக்கு ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது, இன்றைக்கும் எரிகிறது.

லிம் என்றால் சீனத்தில் காடாம். கடதாசித் துவாலையில் இரண்டு மரத்தைப் பக்கத்தில் பக்கத்தில் கீறிக் காட்டி, இதுதான் எங்கள் பெயர் என்றார். மூவாயிரம் வருடத்துக்கு முன் ஒரு கொடுங்கோல் ராசாவுக்குப் புத்தி சொன்ன மந்திரியின் நெஞ்சைப் பிளக்க வைத்தானாம் அந்த ராசா. மந்திரியின் மனைவி பிள்ளைத்தாய்ச்சி, அவள் காட்டுக்குள் ஓடி ஒளிந்து ஆண்பிள்ளை பெற்றாளாம். பிறகு வந்த நல்ல ராசா அந்தப் பிள்ளையைத் தேடிப்பிடித்து, காட்டில் பிறந்தவனென்று காட்டையே பெயராகக் கொடுத்தானாம். அன்றிலிருந்து இன்றுவரை லிம், லிம், லிம். பினாங்கில் லிம் ஆட்களுக்கென்று ஒரு மண்டபமே இருக்கிறதென்றும், நீ கல்யாணத்துக்கு மறுநாள் அங்கே போய் ஊதுபத்தி கொளுத்தினாய் என்றும் சொன்னார். அதை நீ எனக்கு ஒரு கடிதத்திலும் எழுதவில்லை, அதை மனதில் வைத்திருக்கிறேன். உன் அப்பா தேத்தண்ணியை ஆறவிட்டுவிட்டு வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். நான் கதை சொன்னால் கண்ணை மூடுகிற மனுஷன் என்னிடம் திரும்பி, “பாருமப்பா, எவ்வளவு வடிவா நினைவு வைச்சிருக்கினம்” என்றார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

பிறகு உன் மாமா மரியாதையாகத்தான் கேட்டார், ஸ்ரீஸ்கந்தராஜா என்ற உங்கள் குடும்பப் பெயர் எத்தனை தலைமுறைக்குரியது என்று. அப்பா, அது என்னுடைய சொந்தப் பெயர், என் தகப்பன் குலசேகரம், அவருடைய தகப்பன் கதிர்காமர் என்று சொல்லிவிட்டு, அதற்கு மேல் தெரியாமல் என்னைப் பார்த்தார். நான் என்ன செய்ய? எங்களில் தகப்பன் பெயர் பிள்ளையோடு வந்து பிள்ளையோடு போய்விடும். இங்கே கிளினிக்கில் அந்தப் பெயரையும் முழுதாகச் சொல்லப் பஞ்சிப்பட்டு மிஸிஸ் ஸ்ரீ என்று பாதியில் விட்டுவிடுகிறார்கள். அங்கேயோ பிறக்காத பிள்ளைக்கே முக்கால்வாசிப் பெயர் தயார். முதலில் லிம், அடுத்தது அந்தத் தலைமுறைப் பிள்ளைகள் எல்லாருக்கும் பொதுவாக முன்னோர் எப்போதோ குறித்து வைத்த சொல், கடைசிச் சொல் மட்டும்தான் உங்கள் விருப்பமாம். அதிலே எனக்கு எங்கே இடம் என்று நினைத்தேன்.

அந்த எரிச்சலில்தான் கேட்டேன், காட்டுக்குள் ஓடின அந்தப் பெண்ணின் பெயர் என்ன என்று. மந்திரியின் பெயர், மகனின் பெயர், இரண்டு ராசாக்களின் பெயர் எல்லாம் சொன்ன மனுஷன் மனைவியைப் பார்த்தார், அவவுக்கும் தெரியவில்லை. மந்திரியின் மனைவி என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறேன் என்றார். எனக்கு வந்த சந்தோசத்தை எழுதினால் நீ ஏசுவாய். ஆனால் அந்தச் சந்தோசம் நிற்கவில்லை. தமிழரைத் தேடித்தேடி அடித்த ஐம்பத்தெட்டுக் கலவரத்தில் உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு வெள்ளவத்தை வீட்டின் பின்மதிலால் ஏறிக் குதித்தது நான். அகதி முகாமாக இருந்த பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் இருந்து படிக்கிற நாலு வாங்கைச் சேர்த்துப் போட்டு, பெண்கள் சேலை பிடித்து மறைக்க, அதன்மேல்தான் நீ பிறந்தாய். சீன வழக்கப்படி என்றால் உனக்கு வாங்கு என்றுதான் குடும்பப் பெயர் வந்திருக்கும். எந்த ராசாவும் எங்களைத் தேடி வரவில்லை, கப்பலில் ஏற்றிக் காங்கேசன்துறைக்கு அனுப்பினார்கள்.

பாத்திரம் கழுவும்போது உன் மாமி குசினிக்குள் வந்து, தான் பிறந்தது டான் குடும்பமென்றும், லிம் வம்ச வரலாற்றில் தான் ‘டான் வீட்டுப் பெண்’ மட்டும்தான் என்றும் சொல்லிச் சிரித்தா. பிறகு, மிஸிஸ் ஸ்ரீ, உங்களுடைய பெயர் என்ன என்று கேட்டா. சொன்னேன். இரண்டு தரம் பிழையாகச் சொல்லி மூன்றாம் தரம் சரியாகச் சொன்னா. அந்த நேரம் அவவைப் பிடித்திருந்தது. ஆனால் பிள்ளை பிறந்தால் முதல் மாதம் முழுக்க இஞ்சியும் நல்லெண்ணெயும் போட்டுச் சமைத்து உன்னைத் தானே பார்ப்பேன் என்றதும் எரிச்சல் திரும்பி வந்துவிட்டது. அந்த மாதம் என்னுடையது. அப்பாவின் ஒப்பரேஷனுக்குத் திகதி தை மாதத்தில் விழுந்திராவிட்டால் நான் அங்கே வந்து குசினியைப் பிடித்திருப்பேன். இல்ஃபோர்ட் நிர்மலா மார்கழியில் சிங்கப்பூர் வருகிறாள், அவளிடம் பிள்ளை பெற்றவளுக்குப் போட்டுச் சமைக்கிற காயத்தூளும் பத்தியச் சரக்கும் கொடுத்து விடுகிறேன். இஞ்சியைச் சாப்பிடு, ஆனால் என்னுடையதையும் ஒரு நாளாவது சாப்பிடு. பப்பாசிப்பழம் தொடாதே. குளித்துவிட்டு ஈரத் தலையோடு நிற்காதே.

பிள்ளை லிம் என்றே இருக்கட்டும், மூவாயிரம் வருடத்தோடு நான் மல்லுக்கட்ட ஏலாது. கடைசிச் சொல்லையும் உங்கள் விருப்பம்போல வையுங்கள். ஆனால் காட்டில் பிள்ளை பெற்றவளின் கதையை உன் மாமா அதற்குச் சொல்லுகிற அன்றைக்கு, வாங்கில் பிள்ளை பெற்றவளின் கதையை நீ சொல்ல வேண்டும். பெயரோடு சொல்ல வேண்டும். சுகப்பிரசவமாகித் தாயும் பிள்ளையும் நீடூழி வாழ முருகன் காப்பான். பிறந்த உடனே, நேரகாலம் பாராமல் போன் எடு. இத்தனை வருடமும் அம்மா என்று மட்டும் எழுதி முடித்துவிட்டேன், இந்தக் கடிதத்தைக் கிழிக்காமல் வைத்திரு.

இப்படிக்கு
உன் அம்மா
தவமலர்