தவளைக்குப் புது எண்

ஏப்ரல் 3, வியாழன்
விடுமுறையிலும் எனக்கு வேலை. நீச்சல் கிளப்புக்காகச் சித்தி எழுதும் மென்பொருளில் நான் எடுபிடி. நிரலில் குடும்பம் ஒரு பொருள், அதன் கீழே பிள்ளைகள், பிள்ளைகளின் கீழே அவர்கள் நீந்திய நேரங்கள். நடுவில் மேப்பர் என்று ஒன்று உட்கார்ந்து, நாம் செய்வதையெல்லாம் தரவுத்தள அட்டவணையில் வரிசை வரிசையாக எழுதிவிடும். எங்கள் வீட்டில் பெற்றோர் அம்மா. அண்ணன் எண் 7, நான் 8. பிறந்ததில்தான் முந்தினான் என்றால் இதிலுமா?

பெற்றோர் இல்லாத பிள்ளை அட்டவணையில் இருக்கலாமா என்று சித்தி கேட்டாள். கூடாது, குப்பை சேரும் என்றேன். அப்படி யாராவது இருந்தால் தானாக அழித்துவிடும் அமைப்பை நானே போட்டேன். பெருமை வேறு.

ஏப்ரல் 5, சனி
இரண்டு வருட நேரங்களைத் தட்டச்சு செய்து முடித்தேன். விரல் பத்தும் போராட்டம். பயிற்சியாளர் (கிளப்பே அவரை விசில் என்றுதான் சொல்லும்) தந்த தாள்கள் இனி எதற்கு? முப்பத்தொரு கப்பல் செய்து குளத்தில் விட்டேன். அண்ணன் பட்டாம்பூச்சி நீச்சல் அடித்து வந்தான். அந்த அலையில் என் கப்பற்படை காலி. விசில் ஊதியதில் இன்னும் காது அடைக்கிறது.

ஏப்ரல் 7, திங்கள்
நான் நீந்துவது தலையணை மிதப்பதுபோல இருக்கிறதாம். கூட்டாளிகளிடம் சொல்லிச் சிரித்திருக்கிறான் அண்ணன், தவளைப் பயல். இரு மகனே.

ஏப்ரல் 8, செவ்வாய்
திட்டம் இதுதான். எதிர்வீட்டுப் பல் டாக்டரின் இரட்டைக் குழந்தைகள், ஒன்றரை வயது, ‘அம்மாவோடு தண்ணீர்’ வகுப்பில் இருக்கின்றன. அண்ணனை அந்தக் குடும்பத்துக்கு மூன்றாவது பிள்ளையாக மாற்றினால், நாளை அறிவிப்புப் பலகையில் இரட்டையருக்குக் கீழே ஆறடித் தவளை.

அம்மாவின் பட்டியலிலிருந்து எடுத்தேன். சேமித்தேன். டாக்டர் பட்டியலில் சேர்க்கப் போனால் —

ஆளைக் காணோம்.

6 இருக்கிறது. 8 இருக்கிறது. 7 இல்லை. அவன் கீழே இருந்த இருநூற்றுச் சொச்சம் நேரங்களும் இல்லை.

அடி லூசே, நீதானே அந்த அமைப்பைப் போட்டாய்? அம்மா கையிலிருந்து இறக்கி டாக்டர் கையில் கொடுப்பதற்குள் அவன் யார் பிள்ளையும் இல்லை. மேப்பர் துடைத்துவிட்டது.

காப்பு நகல்? வெள்ளிக்கிழமை எடுத்துக்கலாம் சித்தி என்றது நான்தான். தாள்கள்? கப்பல்.

ஏப்ரல் 9, புதன்
நாளை மறுநாள் மாலைக்குள் தேர்வு முகாமுக்கு அண்ணனின் நேரப் பட்டியல் போக வேண்டுமாம். இதற்காக இரண்டு வருடமாக விடியலில் எழுந்தவன், எதிரே உட்கார்ந்து தட்டை வழித்துக்கொண்டிருந்தான். என் தட்டையும் அவன் பக்கம் தள்ளினேன்.

சொல்லணும். எப்படிச் சொல்றது? அண்ணா, உன்னை அழிச்சிட்டேன்னா?

ஏப்ரல் 10, வியாழன்
அப்படியேதான் சொன்னேன், எதிர்வீட்டுப் பாப்பா திட்டம் உட்பட. அவன் கத்தவில்லை, அதுதான் பயம். தாள்ல இருக்கும்ல என்று கேட்டான். கப்பல் என்றேன்.

“நான் அடிச்ச அலையிலதானே முங்குச்சு,” என்றான். “வா, விசில்கிட்ட போலாம்.”

விசில் என்னைப் பார்த்த பார்வையை எழுத மாட்டேன். விதிப்புத்தகத்தைப் புரட்டினார். இரண்டு கடிகாரத்தில் எடுத்த நேரம் ஒன்று இருந்தாலே போதுமாம். ஐம்பது மீட்டர், இருபத்தெட்டு விநாடிக்குள். அண்ணன் அதற்குள் வந்தது மொத்தமே ஒரு தடவை. நாளைக் காலை ஆறரைக்கு ஒரு வாய்ப்பு.

ஏப்ரல் 11, வெள்ளி
ஒரு கடிகாரம் விசிலிடம். இன்னொன்று சித்தியிடம், என்னிடம் கொடுத்தால் அதையும் அழித்துவிடுவேனாம். நான் துண்டோடு நின்றேன்.

மேடையில் ஏறியவன் திரும்பிப் பார்த்தான். “ஏதாவது பேசித் தொலைடி. நீ சும்மா இருந்தா எனக்குப் பயமா இருக்கு.”

“குதி, எதிர்வீட்டுப் பாப்பா.”

சிரித்துக்கொண்டே குதித்தான்.

27.9. இரண்டு கடிகாரத்திலும்.

ஏப்ரல் 12, சனி
நிரலைத் திருத்தினேன். முதலில் புதுக் கையில் கொடு, பிறகு பழைய கையை விடு, கடைசியில் ஒரே தடவை சேமி. காப்பு நகல் இனி தினமும். அண்ணனை மறுபடி சேர்க்கும்போது பக்கத்திலேயே உட்கார்ந்து காவல் காத்தான். போன எண் போனதுதான். அட்டவணை புதிதாகத்தான் தரும். 61 கொடுத்தது. நான் இன்னும் 8. இப்போது யார் மூத்தவர் என்று கேட்டேன். தலையில் குட்டினான்.

ஏப்ரல் 26, சனி
முகாமுக்கு எடுத்துவிட்டார்கள். பத்து நாள். பேருந்து நிலையத்தில் அம்மா கண்ணைத் துடைத்தாள். படியில் ஏறியவன் என்னிடம் கையை நீட்டினான்.

“பையைக் குடுங்க அக்கா. வீட்டைப் பாத்துக்கோங்க.”

பத்திரமாப் போயிட்டு வா தம்பி என்றேன். பேருந்து திரும்பும்வரை கை காட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் அட்டவணையைத் திறந்தேன். 61 இருக்கிறது. இரண்டு தடவை பார்த்துவிட்டேன்.