வெட்டிய கடைசிப் பந்தி

செவ்வாய்க்கிழமை, ஆடி 14

விடுமுறைக்கு உடுவிலுக்கு வந்திருக்கும் இதயமாற்று ஆய்வாளரைப் பற்றி நான் எழுதிய செய்தி இன்று வெளியானது. எடுத்த இதயத்தை ஒரு பெட்டிக்குள் பல மணிநேரம் துடிக்கவைக்கும் ஆய்வு அது. "பண்டியிலைதான் செய்து பாத்திருக்கிறம் அண்ணை. மனிசருக்கு வரக் கனகாலம் எடுக்கும். அதை விட்டிடாதேங்கோ" என்று இரண்டு தரம் சொல்லியிருந்தார். பன்றிகளில் மட்டுமே சோதித்திருக்கிறார்கள் என்று கடைசிப் பந்தியில் எழுதினேன். நேற்று மாலை ஒரு மரண அறிவித்தல் பிந்தி வந்தது. இடம் போதாமல் அந்தப் பந்தியை நானே வெட்டினேன்.

காலையில் தொண்டைமானாற்றிலிருந்து ஒருவர் பத்திரிகையோடு அலுவலகத்துக்கு வந்தார். கூட வந்த மகளுக்கு இருபது வயதிருக்கும். இதயம் பழுதாகி, படியேறவே மூச்சு வாங்கியது.

"ஐயா, உந்தப் பெட்டிக்காரப் பிள்ளையின்ரை விலாசத்தைத் தாங்கோ."

வெட்டியதை வாயால் சொன்னேன். அவர் செய்தியை மறுபடி வாசித்தார்.

"இதிலை அப்பிடி இல்லையே, ஐயா."

மகள்தான் சிரித்தாள். "பண்டி முதல் தப்பட்டும் அப்பா, பிறகு நான். வாங்கோ, பஸ் போகப்போகுது."

திருத்தம் நாளை வரும். அவர் இன்றைய பத்திரிகையை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டுதான் போனார்.