நான் ஏற்றாமல் விட்ட பெயர்

என் அன்பான பாக்கியம் அக்காவுக்கு,

நீ போய் ஒரு மாதம் ஆகிறதாம். நேற்றுதான் செல்வி வந்து சொன்னாள். அப்படியே உன் ஜாடை. உன் மகள் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூசியது.

தி.நகர் கம்ப்யூட்டர் சென்டரில் நீ பெருக்கித் துடைத்தாய், நான் டேட்டா என்ட்ரி செய்தேன். மத்தியானம் உன் மீன் குழம்பில் பாதி எனக்குத்தான். ஆற்றங்கரைக் குடிசைக்காரர்களுக்கு வீடு ஒதுக்கும் படிவங்கள் எங்களிடம் வந்தபோது உன்னுடையதும் அதில் இருந்தது. நீயும் உன் அண்ணனும் ஒரே குடிசையை நடுவில் தட்டி வைத்துப் பிரித்துக்கொண்ட இரண்டு குடும்பம். ஆனால் கதவு எண் ஒன்று. ஓர் எண்ணுக்கு ஒரு பெயரைத்தான் மெஷின் வாங்கும். அண்ணன் பெயர் ஏறிவிட்டது. உன் படிவத்தின் எண்ணைத் தட்டியதுமே 'பீப்' என்றது. அப்படி வந்தால் தனியாக எடுத்து மேனேஜரிடம் காட்ட வேண்டும். அன்றைய வேலையை முடிக்கிற அவசரத்தில், யாருடையது என்றுகூடப் பார்க்காமல், ஏற்றி முடித்த படிவக் கட்டுக்குள் செருகிவிட்டேன்.

பட்டியலை இங்கிலீஷில் அச்சடித்து ஒட்டினார்கள். குறை இருந்தால் பத்து நாளுக்குள் சொல்லவேண்டும் என்பதும் இங்கிலீஷில்தான். நீ என்னிடம் வந்தாய்.

"கண்ணு, என் பேரு எங்க கீது, பாத்து சொல்லேன்."

தேடினேன். இல்லை. கட்டைப் பிரித்தபோதுதான் உன் பெயரும் கைநாட்டும் கண்ணில் பட்டன. வேலை போய்விடுமோ என்று பயந்துவிட்டேன்.

"கம்ப்யூட்டர்ல வரலக்கா."

"மிசினே இல்லன்னு சொல்லிச்சா? அப்ப இன்னா பண்றது," என்று துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போனாய். குறை சொல்ல இன்னும் நான்கு நாள் இருந்தது. நான் வாயைத் திறந்தேனா?

அண்ணனுக்கு வீடு கிடைத்தது. நீ அந்த வீட்டு வாசல் வராண்டாவில் படுத்தாயாம்.

"அங்கயேதான் செத்துச்சு எங்கம்மா," என்றாள் செல்வி. "கம்ப்யூட்டர் ஏமாத்திடுச்சு. நீ எவ்ளோ தேடினேன்னு சொல்லிக்கினே இருக்கும்க்கா."

இப்போது மயிலாப்பூரில்கூட இன்டர்நெட் கடை வந்துவிட்டது. எல்லாத் தகவலும் எல்லாருக்கும் என்கிறார்கள். யாருக்கு அக்கா?

படிவம் என்னால் விட்டுப்போனது என்று எழுதிக் கொடுத்தால் செல்விக்காவது வீடு கிடைக்கலாம். நாளைக் காலை அவளோடு வீடு ஒதுக்கும் அலுவலகத்துக்குப் போகிறேன். பஸ்ஸிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். அவள் முகத்தில் காறித் துப்பினாலும், அடுத்த ஸ்டாப்பில் இறங்கி ஓடமாட்டேன்.

உன் தட்டில் சாப்பிட்ட தங்கச்சி,
விமலா