ஆலங்கட்டி விழுந்த மாடி அறை

மெட்டுகுடா,
செகந்திராபாத்.
ஆடி வெள்ளி.

சௌபாக்கியவதி சௌம்யாவுக்கு, அத்தை விஜயகுமாரி எழுதிக்கொண்டது. நானும் மாமாவும் இருக்கிறோம். நீ சென்னையில் நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

மேலே உள்ள முதல் வார்த்தையைப் போடுவதா வேண்டாமா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். ஆவணியில் உனக்குக் கல்யாணம் என்று வேலூரிலிருந்து வந்தவர்கள் சொன்னார்கள். எங்கள் சீனு போன பிறகு உன்னை அப்படி எழுத வழியில்லாமல் இருந்தது. இனிமேல் எழுதலாம். அதனால் எழுதிவிட்டேன். மாமாவிடமும் சொன்னேன். "நல்லது, ரொம்ப நல்லது" என்றார். காய்கறி வாங்கி வருகிறேன் என்று கிளம்பிப் போனவர், வெகுநேரம் கழித்து வெறுங்கையோடு வந்தார்.

உன் பழைய நம்பரில் இப்போது வேறு யாரோ பேசுகிறார்கள். உன் அப்பா வீட்டுக்கு எழுதினால் இந்த நேரத்தில் உனக்குச் சங்கடமாகும். அதனால்தான் ஆபீஸ் விலாசத்துக்கு எழுதுகிறேன். பக்கத்து வீட்டு சபீனா தேடிக் கொடுத்தாள். நான் எழுதுவது மாமாவுக்குத் தெரியாது.

ஏப்ரலில் இங்கே பெரிய ஆலங்கட்டி மழை. நீ இருந்தபோதும் ஒரு தடவை பெய்தது, நீங்கள் இரண்டு பேரும் கிண்ணத்தில் பொறுக்கி விளையாடினீர்கள். இது அப்படி இல்லை. எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒவ்வொன்றும். மாடியில் ஜல்லி லாரியைக் கவிழ்த்தமாதிரி சத்தம். உங்கள் அறையின் மேற்குப் பக்கக் கண்ணாடி ஜன்னல் எல்லாம் உடைந்தது கீழே எங்களுக்குக் கேட்டது. மழை விட்டதும் நான் சாவியை எடுத்துக்கொண்டு படி ஏறினேன். மாமா பின்னாலேயே வந்து, அப்புறம் பார்க்கலாம் என்றார். நானும் சரி என்று இறங்கிவிட்டேன்.

நீ ஊருக்குப் போன அன்று பூட்டிய அறை, சௌம்யா. நாங்கள் திறக்கவே இல்லை. பெருக்கக்கூடத் திறக்கவில்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தோம். மழைக்குப் பிறகும் அப்படியே தள்ளினோம். பால்கனியில் தண்ணீர் போகிற குழாயை ஆலங்கட்டியும் வேப்பிலையும் அடைத்துக்கொண்டன. மறுநாளும் அதற்கு மறுநாளும் பெய்த மழையெல்லாம் அறைக்குள் போய்விட்டது. கீழே கூடத்தில் மின்விசிறி வழியாகச் சொட்ட ஆரம்பித்தது. ஒரு சாயங்காலம் கூரைக் காரை பெயர்ந்து, மாமா உட்காரும் நாற்காலியின்மேல் விழுந்தது. நல்லவேளை, அப்போது அவர் அதில் இல்லை. அதற்குப் பிறகுதான் திறந்தோம்.

உள்ளே இருந்ததையெல்லாம் எழுதப் போவதில்லை. மெத்தை ஊறிப் பானைபோல் உப்பியிருந்தது. அலமாரியில் சீனுவின் சட்டைகள் பூஞ்சை பிடித்திருந்தன. நீ வைத்துவிட்டுப் போன புத்தகங்களைப் பிரிக்க முடியவில்லை. சபீனா வந்து என்னோடு சேர்ந்து தண்ணீரை வாரி ஊற்றினாள். நான் அந்தச் சட்டைகளைப் பிழிந்துகொண்டிருந்தபோது, "ரோ நக்கோ ஆண்ட்டி, நக்கோ" என்று என்னை அழ வேண்டாமென்று சொல்லிக்கொண்டே அவளும் அழுதாள்.

மாடி கட்ட சீனு பாங்கில் கடன் வாங்கியபோது, வீட்டுக்கு இன்ஷூரன்ஸும் எடுத்திருந்தான். உனக்கு நினைவிருக்கும், அவன் சினேகிதன் ஷ்யாம்தான் எடுத்துக் கொடுத்தான். அது இன்னும் நடப்பில் இருக்கிறது என்று ஷ்யாமே வந்து சொல்லி, கம்பெனிக்கு எழுதியும் போட்டான். கம்பெனியிலிருந்து சேதத்தைப் பார்க்க ஒரு சர்வேயர் வந்தார். சின்ன வயது, மரியாதையான பிள்ளை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் மேலே வந்தார். படம் எடுத்துக்கொண்டே மாமாவிடம், "பைன எவரு உண்டாரு சார்?" என்று கேட்டார். மேலே யார் இருக்கிறார்கள் என்ற சாதாரணக் கேள்வி. மாமா உடனே, "மா அப்பாயி" என்றார். எங்கள் பையன் என்று.

அப்படியானால் அவரைக் கூப்பிடுங்கள், ஒரு கையெழுத்து வேண்டும் என்றார் அந்தப் பிள்ளை.

மாமா படிக்கட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். சீனு டெங்குக் காய்ச்சலில் போய் இரண்டு வருஷம் ஆகிறது என்று நான்தான் சொன்னேன். மருமகள் ஊரோடு போய்விட்டாள், அன்றிலிருந்து அறை பூட்டித்தான் கிடக்கிறது என்றும் சொன்னேன். தண்ணீர் இறங்குவது தெரிந்தும் ஏன் திறக்கவில்லை என்று கேட்டார். நான் கையிலிருந்த சாவியைப் பார்த்தேன். அவர் எழுதிக்கொண்டார். போகும்போது என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

பிறகு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது. தர முடியாது என்று. மாதக்கணக்கில் யாரும் குடியிருக்காத அறை என்பது ஒரு காரணம். சேதம் ஆன பிறகு நாங்கள் 'ரீசனபிள் கேர்' எடுத்துக்கொள்ளவில்லை என்பது இன்னொன்று. செய்யவேண்டிய கவனிப்பைச் செய்யவில்லையாம். ரயில்வேயில் எத்தனையோ கடிதங்களுக்குப் பதில் எழுதிய மனிதர், அந்த இரண்டு வார்த்தையைத் தாண்டி மேலே படிக்கவில்லை. சாப்பிடும்போது திடீரென்று என்னிடம், "மொத நாள் காய்ச்சல் அடிச்சப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்கணும் இல்ல விஜயா?" என்று கேட்டார். நான் ஜன்னலைப் பற்றித்தானே எழுதியிருக்கிறார்கள் என்றேன். அவர் காதில் விழவில்லை. அன்றிலிருந்து தினமும் ஏதாவது ஒரு நேரம் அதைக் கேட்கிறார். அவன் வேண்டாம் என்று சொன்னான், மாத்திரை போட்டால் சரியாகிவிடும் என்றான், நீயும்தான் கூட இருந்தாய். உனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

கம்பெனியின் மேலிடத்துக்கு மறுபடியும் எழுதலாம் என்று ஷ்யாம் சொன்னான். ஆனால் பாலிசி சீனு பெயரில் இருப்பதால், வாரிசுகள்தான் கையெழுத்துப் போட வேண்டுமாம். சட்டப்படி நீயும் நானும்தான் வாரிசு. இந்த வீட்டைக் கட்டி, அவன் கடன் வாங்குவதற்காக அவன் பெயருக்கே எழுதிவைத்த மாமாவுக்கு இதில் இடமில்லை. வீட்டில் உன் பங்கு உனக்கு உண்டு, அதைப் பற்றிய கடிதம் இல்லை இது.

நீ ஏப்ரல் வரை அடிக்கடி வந்து அந்த அறையில் தங்கினாய் என்று எழுதிக் கொடுத்தால் ஒருவேளை நடக்கலாம் என்றான் ஷ்யாம். மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அந்தப் பொண்ணு இப்பதான் கரையேறப் போறா. அவளைப் பொய் சொல்ல வெச்சு எனக்குக் கூரை வேணாம்" என்று சத்தம் போட்டார். இனி உன் பெயரை இதில் இழுக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டார்.

நான் பொய் எதுவும் எழுதவில்லை. அறை ஏன் பூட்டியிருந்தது, ஏன் உடனே திறக்கவில்லை என்று உள்ளதை உள்ளபடி தமிழில் எழுதினேன். சபீனாவின் மகள் அதை ஆங்கிலத்தில் டைப் செய்து கொடுத்தாள். ஷ்யாம் படித்துவிட்டு, இதற்கெல்லாம் எந்தக் கம்பெனியும் பணம் தராது அம்மா என்றான். எனக்கும் அது தெரியும். கொத்தனார் பார்த்துவிட்டு, கூடத்துக் கூரையில் கம்பியெல்லாம் துருவேறிவிட்டது, இடித்துப் போட்டால்தான் உண்டு என்கிறார். முட்டுக் கொடுத்து நிறுத்தியிருக்கிறோம். நாங்கள் சமையலறையிலும் பின் அறையிலுமாகக் காலம் தள்ளுகிறோம். மழை வந்தால் மாமா எழுந்து உட்கார்ந்துகொள்கிறார்.

அந்தக் காகிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். இறந்தவரின் தாயார் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதற்குக் கீழே மனைவி என்று ஒரு இடம் காலியாக இருக்கிறது. ஒன்றும் கிடைக்காது என்று தெரிந்தும் எதற்காகக் கேட்கிறாய் என்று நீ நினைக்கலாம். யோசித்துப் பார்த்தேன், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆவணி பிறக்கும் முன்னால் முடிந்தால் போடு. உன் மனசுக்கு ஒப்பவில்லை என்றால் வேண்டாம். உன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் வராது. போடாவிட்டால் மட்டும் அதைத் திருப்பி அனுப்பிவிடாதே, கண்ணு. தபால்காரர் மாமா கையில்தான் கொடுப்பார், அந்தக் காலி இடம் அவர் கண்ணில் பட வேண்டாம். நீயே கிழித்துப் போட்டுவிடு.

வரப்போகிறவர் நல்ல மனுஷர் என்று கேள்விப்பட்டேன். அவருக்குக் காய்ச்சல் கீய்ச்சல் என்றால் அவர் சொல்வதைக் கேட்காதே, உடனே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ. தீர்க்காயுசாக, நிறைய பிள்ளைகளோடு இரு.

உன் அத்தை,
விஜயகுமாரி