எரிக்காத நோட்டு

அன்பு மகனுக்கு உம்மாவின் ஸலாம்.

கல்லூரியில் உலக நாடுகளின் விவகாரம் படித்தபோது நீ எழுதிய நோட்டை, ஜப்பான்காரர்கள் வந்ததும் ஒளிந்துபோகையில் எரிக்கச் சொன்னாய். பக்கத்துக்குப் பக்கம் மேலே 786 போட்டிருந்தாய். பிஸ்மில்லாவை நெருப்பில் போட எனக்குக் கை வரவில்லை.

நேற்று நம் காஜா பெராங் ஊர் வீட்டைச் சோதித்த ஜப்பான்காரர்கள் நோட்டை எடுத்து, அந்த எண்ணை ஒற்றர் குறி என்றார்கள்.

“பிஸ்மில்லாவோட ஒவ்வொரு அரபு எழுத்துக்கும் உள்ள எண்ணைக் கூட்டினா வர்ற தொகைங்க அது” என்று அழுதேன்.

“லண்டன் ஒப்பந்தம்னு எழுதின பக்கத்துக்கும் பிஸ்மில்லாவா, அக்கா?” என்று சிரித்தார் மொழிபெயர்ப்பாளர்.

வாப்பாவைக் கொண்டுபோய்விட்டார்கள். நீ வந்து சரணடைந்தால் விடுவார்களாம். அவரோ இழுப்பு நோய்க்காரர்.

நீ ஒளிந்திருக்கும் குருபோங் ஊருக்கு வரும் பக்கத்து வீட்டு ஜமீலாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். வா என்று எழுதி அடித்தேன். வராதே என்று எழுதி அதையும் அடித்தேன். துஆவில் உங்கள் இருவரில் யாருக்காக முதலில் கேட்பதென்றுகூடத் தெரியவில்லை.

உன் உம்மா